காக்ஸ் டவுன் ஆடுதளம் மீண்ட படலம்

வாழ்க கோவிந்தராஜன்! முப்பத்துநான்கு ஆண்டுகள் அஞ்சலகத்தில் வீற்றிருந்து, மைப்பெட்டியின்மேல் ஒன்று, மடலின்மேல் ஒன்று என மாறிமாறி முத்திரை மோதி, எண்ணிறந்த தபால்தலைகளின் முகத்தைக் கருக்கிய வலக்கரத்து வீரன் வாழ்க! முகக்கவசத்தின் மேல்விளிம்பில் கசிந்த மூச்சுப்பனி மூக்குக்கண்ணாடியை முற்றும் மூடியபோதும் குறித்த திசையினின்று வழுவாத குன்றனையான், அறுபத்தொரு வயதிலும் தலைக்குச் சாயமிடாத வாய்மையான், வால்ட்ஸ் என்னும் வட்ட நடனத்தில் ஒரே ஒரு பாட்டுக்காக ஈராண்டு போர் தொடுத்த பெருந்தகை, வாழ்க, வாழ்க!

காவியம் தொடங்குவோர் தெய்வத்தை முன்னிறுத்துவது மரபு. எந்தத் தெய்வத்தை என்பதில் இக்காவியத்தின் மாந்தரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவருள் சிலர் ஞாயிறுதோறும் தேவாலயத்தையும், சிலர் வெள்ளிதோறும் கோயிலையும், ஒருவர் நாள்தோறும் சுகாதாரத் துறையின் அறிக்கையையும் நம்புபவர்கள். ஆகவே, அம்மூவகையினரும் வேற்றுமையின்றிக் கைநீட்டி ஏற்ற ஒரே பொருளாகிய, வாயில் மேசைமேல் எழுந்தருளியிருந்த, அழுத்தினால் அருளும் சானிடைசர்ப் புட்டியை வணங்கிப் புகுவோம்.

களம் கூறுவாம். பெங்களூரின் கன்டோன்மென்ட் என்னும் தண்டுப் பகுதியில், காக்ஸ் டவுனின் பழைய வீடுகளுக்கு நடுவே, ஓட்டுக்கூரையும் மரச்சட்டச் சன்னல்களும் கால்பட்டுக் கால்பட்டுக் கண்ணாடியான தேக்குத் தளமும் உடையதாய் நிற்கிறது சனிமாலை நடனக் கழகத்தின் கூடம். அறுபதாண்டுகளாகச் சனிதோறும் மாலை ஆறு மணிக்கு, ரயில்வேயில் உழைத்தோரும் பள்ளியில் பாடம் சொன்னோரும் மருத்துவமனையில் ஊசி போட்டோரும், அண்மைக் காலத்தில் மென்பொருள் நிறுவனங்களில் கண்ணெரியத் தட்டச்சிட்டோரும், இருவர் இருவராய்க் கைகோத்து அத்தளத்தில் சுழன்றனர். வாரம் முழுதும் பேருந்தில் இடித்தவர்மேல் எரிந்துவிழுந்தோர், அங்கே அயலார் ஒருவரின் கையைப் பற்றி, பிழைக்கு வருந்தி, புன்னகையும் செய்தனர். அத்தளத்தின் மாண்பு அத்தகையது.

அத்தகைய தளத்தில் நம் வீரன் அடியெடுத்துவைத்து நான்காண்டு கடந்தும், அவனோடு இருமுறை ஆடியவர் எவருமிலர். குற்றம் அவன் நெஞ்சினதன்று, அஞ்சலகத்தினது. மைப்பெட்டி, மடல், மைப்பெட்டி, மடல் என இரண்டிரண்டாய்த் துடித்துப் பழகிய அவ்வுடம்பு, மூன்று மூன்றாய் நடக்கும் வால்ட்ஸில் மூன்றாம் அடி வருமுன்னரே முதலடிக்குத் திரும்பிவிடும். திரும்பும் இடத்தில் எதிரே ஆடுபவரின் கால் இருக்கும். அக்காலின்மேல், தலைமை அஞ்சலகத்தின் முத்திரை விழுவதைப்போல, தேதியும் ஊரும் தெளிவாகத் தெரியும்படி, அவன் பாதம் விழும்.

அவ்வாறு முத்திரையிடப்பட்டோருள் முதன்மையானவள் வேதநாயகி. ரிச்சர்ட்ஸ் டவுனில் இருபத்தெட்டாண்டுகளாய் நான்காம் வகுப்பை ஒற்றைப் புருவத்தால் ஆண்டுவருபவள். அவள் ஆடினால் தளத்தின் பலகைகள் கிறீச்சிடுவதை நிறுத்திக்கொள்ளும் எனக் கழகத்தாரால் புகழப்பட்டவள். இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டின் கிறிஸ்துமஸ் ஆட்டத்தில், நம் வீரனின் மூன்றாம் அடி வாராமையால், அவளது இடக்காற் சிறுவிரலின் நகம் வீரமரணம் எய்தியது. புதுநகம் முளைக்க ஆறு திங்கள் ஆயிற்று. அதன்பின் அவன் பதினான்குமுறை அவளை ஆட அழைத்தான். பதினான்குமுறையும் அவளுக்குத் தாகம் எடுத்தது.

பதினைந்தாம் முறை, இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு மார்ச் மாதத்து முதற் சனியன்று, வாயிற்படியில் அவன் வழிமறித்து நின்றபோது, அவள் அப்பேருரையை நிகழ்த்தினாள்:

“சரி சார், அடுத்த சனிக்கிழமை கடைசி வால்ட்ஸ் உங்களோடதான். இப்ப வழிய விடுங்க, பஸ் போயிடும்.”

அடுத்த சனிக்கிழமைக்குள் உலகம் மூடப்பட்டது. தேரோடும் வீதியில் தெருநாய் மட்டும் நடந்தது. பெருந்தொற்று மண்ணுலகுக்கெல்லாம் சாபமாய் வந்தது. ஒரேயொரு சிறுவிரலுக்கு மட்டும் வரமாய் வந்தது. அதனை வேதநாயகி வெளியே சொன்னாளில்லை.

வாக்குப் பெற்றும் பொருள் பெறாதவன் செய்வது யாது? உலகம் இதனைச் சிறிதென்னும். ஞாயிறு தொடங்கி வெள்ளி முடிய எந்த மனிதக் கையும் தன் கையைப் பற்றாமல் வாழும் ஒருவனுக்கு, ஒரு பாட்டின் நீளமாவது ஒருவர் கால் நோகாமல் அவரோடு சுழலவேண்டும் என்னும் ஆசை சிறிதன்று. ஆகவே கோவிந்தராஜன் தன் மாடியறையின் கதவைச் சாத்தி, தவம் தொடங்கினான். அத்தவத்தில் அவனுக்கு எதிர்நின்று ஆட இசைந்தவள், ஒற்றைக்காலும் வட்டமுகமும் உடையவளாய், தலையை இடமும் வலமும் மெல்லத் திருப்பி எவருக்கும் மறுப்பே சொல்லியறியாத ஸ்டாண்டு ஃபேன் என்னும் நங்கை. அவளது கழுத்தைத் தோளெனப் பற்றி, மின்கம்பி காலில் சிக்காதபடி கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி எண்ணி அவன் சுழன்றான். முதல் திங்களில் அவளது அடித்தட்டு மும்முறை நசுங்கியது. அவள் நொந்து ஒரு சொல் சொன்னாளில்லை. கழுத்துத் திருகைத் தளர்த்திச் சற்றே சாய்ந்துகொண்டாள்.

ஏழாம் திங்களில், கீழ்வீட்டில் குடியிருக்கும் சின்னத்தாயி என்பாள், சினம் மூக்கிலேறப் படியேறி வந்து கதவைத் தட்டினாள்.

“ஏன் சார், மேல என்னத்த இழுத்துக்கிட்டே இருக்கீங்க? பகல்ல ஒரு நிமிஷம் கண்ண மூட முடியல. மூணு மூணா சத்தம் வருது.”

“மூணு மூணாவா வருது? நல்லா கேட்டீங்களாம்மா?”

“இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? தட், தட், தட்டுன்னு!”

“நிச்சயமா ரெண்டு இல்லியே?”

அவள் அவனைத் தலையோடு கால் பார்த்து, இறங்கிப் போனாள். வாகை சூடிய மன்னனுக்குப் பாணர் பாடிய பரணியும் அத்துணை இனித்திராது. மூன்றாம் அடி வந்துவிட்டது. இனி வேண்டியது ஒரு சனிக்கிழமை மட்டுமே.

ஆனால் அச்சனிக்கிழமையின் வாயிலில், நொச்சி சூடி மதில் காத்து நின்றான் ஒருவன். அவன் பெயர் தேசிகன். புள்ளியியல் துறையில் ஓய்வுபெற்றோன், கழகத்தின் செயலாளன், கழகத்தின் விதிநூலை உரையோடு மனப்பாடம் செய்தோன், தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இடம் எழுதாத எண்ணை எண்ணென்றே ஏற்காதோன். அவன் வீட்டுச் சுவரில் வெள்ளைப்பலகை ஒன்று தொங்கியது. நகரில் நூறு பேரைச் சோதித்தால் எத்தனை பேருக்குத் தொற்று என்னும் விகிதத்தை நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு அதில் எழுதி, படமெடுத்து, கழகத்தாரின் வாட்ஸப் குழுவில் இடுவான். அவ்விகிதம் தொடர்ந்து பதினான்கு நாள் ஒன்றுக்குக் கீழே இருந்தால் மட்டுமே ஆட்டம் என்பது அவன் எழுப்பிய மதில்.

அவனை எள்ளுவோர் அறிக: அம்மதில் பின்னரும் தளராது நின்றது வீம்பினாலன்று. இரண்டாம் அலையின்போது, நாற்பதாண்டு கழகத்தின் பியானோவை வாசித்த முதியவருக்கு மூச்சுத் திணறியது. ஒரு படுக்கைக்காகத் தேசிகன் அன்று நாற்பத்தொருவரைத் தொலைபேசியில் அழைத்தான். நாற்பத்தொன்றாமவர், இருக்கிறது, அழைத்து வாருங்கள் என்றபோது அழைத்துச் செல்ல அம்முதியவர் உயிரோடு இல்லை. அதன்பின் ஒரு நாளும் அவன் பலகையில் அவ்வெண்ணை எழுதாமல் இருந்ததில்லை.

மதிலை நம் வீரன் மும்முறை முற்றுகையிட்டான். முதன்முறை, பதின்மூன்று நாள் ஒன்றுக்குக் கீழே கிடந்த விகிதம், பதினான்காம் நாள் காலை ஒன்று புள்ளி சுழியம் இரண்டு எனத் தலைநிமிர்ந்தது. அப்பால் வந்தது இரண்டாம் அலை. அப்போது எவரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் முற்றுகையின் நடுவில், அவரவர் வீட்டிலிருந்தே கணினித்திரை வழியே ஆடலாம் எனச் சமாதானத் தூது ஒன்று சென்றது. அந்நாளில் இசை ஒருவர் வீட்டுக்கு ஓர் அடி முந்தியும் மற்றொருவர் வீட்டுக்கு நான்கடி பிந்தியும் சென்றமையால், வால்ட்ஸ் சிலருக்கு ஐந்தாகவும் சிலருக்கு ஏழாகவும் விளங்கியது. ஒருவர், படம் உறைந்தமையால், ஒற்றைக்காலில் நின்றவாறே அரைமணி நேரம் காட்சியளித்தார். தூது முறிந்தது. மூன்றாம் அலை வந்தது. போனது.

மூன்றாம் முற்றுகையில்தான் அந்த அற்புதம் நிகழ்ந்தது. இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டின் மார்ச் மாதத்தில், விகிதம் பதினான்காம் நாளும் ஒன்றுக்குக் கீழேயே கிடந்தது. காலை ஒன்பது மணிக்குக் கோவிந்தராஜன் கைப்பேசியை இரு கைகளாலும் ஏந்திக் காத்திருந்தான். பலகையின் படம் வந்தது. அதன் அடியில் சிவப்பு மையில், “எச்சரிக்கை கருதி, பதினான்கு என்பது இருபத்தெட்டு எனத் திருத்தப்படுகிறது” என்று எழுதியிருந்தது.

அந்நாள்வரை பொறுமையே படைக்கலமாய்க் கொண்டவன் அக்கணம் பேனாவை உருவினான். கழகத்து விதிநூலின் ஏழாம் விதிப்படி, ஆட்டத்தைப் பற்றிய பிணக்கைத் தீர்க்க உறுப்பினர் எவரும் வாக்கெடுப்புக் கோரலாம். அக்கோரிக்கையை அவன் தலைவியாகிய யூனிஸ் அம்மையாருக்கு எழுதி, தன் குலமரபு வழுவாது, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினான். நான்காம் நாள் அது சென்று சேர்ந்தது. எழுபத்தாறு வயதும் எஃகுக் குரலும் உடைய அவ்வம்மையார் கையொப்பமிட்டு, தபால்காரரை அனுப்பிவிட்டு, அவனை அழைத்தார்.

“கோவிந்தராஜன், நான் உங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கேன். வந்து கையில குடுத்திருக்கலாமேப்பா?”

“ஆதாரம் வேணும் மேடம்.”

இனி, அவ்வேழாம் விதியின் இயல்பைச் சிறிது விரிப்போம். பின்வரும் போர் முழுதும் அதன் கீழேதான் நிகழ்ந்தது. அறுபதாண்டுகளுக்கு முன் விதிநூல் யாத்தவர் ஒரு தலைமையாசிரியர். ஆடுவோரின் பிணக்கு ஆடுதளத்திலேயே தீரவேண்டும் என்பது அவர் கொள்கை. எனவே, ஆட்டத்தை ஆதரிப்போர் இணையாகத் தளத்தின்மேல் நிற்கவேண்டும். எதிர்ப்போர் நாற்காலியில் அமர்ந்திருக்கவேண்டும். தனியே நிற்பவர் கணக்கில் வாரார். மாலை ஆறு மணிக்குத் தலைவி ஒருமுறை மணியடிப்பார். மறுமுறை அடித்தல் கூடாது. நின்றவர்கள் ஒரு பாட்டு முடியுமட்டும் ஆடினால்தான் அவர் வாக்குச் செல்லும். இணை என்றால் யாது என விளக்கப் புகுந்த இடத்தில் அப்பெரியவருக்கு நாணம் வந்துவிட்டது. கையென்றும் இடையென்றும் ஓர் ஆவணத்தில் எழுதுவது தகாதெனக் கருதி, “மணி ஒலிக்கும்போது தளத்தின்மேல் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நிற்கும் இருவர்” என்று மட்டும் எழுதி முடித்தார். அந்நாணம் அறுபதாண்டு உறங்கிக் கிடந்தது.

குறித்த சனியன்று மாலை ஐந்தரை மணிக்குக் கூடத்தின் பன்னிரு சன்னல்களும் திறக்கப்பட்டன. சுண்ணக்கட்டியால் குறித்த இடங்களில் ஆறடிக்கு ஒன்றாய் நாற்காலிகள் அணிவகுத்தன. போர்வை போர்த்திய பியானோ மூலையில் நின்றது. யூனிஸ் அம்மையார் பித்தளை மணியை மடியில் வைத்து மேடையேறினார். கூடத்தின் காவலாளியும் இசைக்கருவி இயக்குநரும் தாமேயாகிய கோவிந்தப்பா ஒலிபெருக்கியின் அருகே அமர்ந்தார். வாக்குடைய உறுப்பினர் பதின்மர் வந்தனர். ஆறு பேர், அதாவது மூன்று இணைகள், தளத்தில் நின்றால் ஆட்டம் மீளும்.

திருமணத்தில் ஆடிக் காட்டுவதற்காகக் கழகத்தில் சேர்ந்து, பயிலுமுன்னரே திருமணம் முடிந்துபோன மென்பொருள் இளைஞன் ஒருவன், தேசிகனை நோக்கி ஐயம் எழுப்பினான்.

“அங்கிள், ஆடலாமா வேணாமான்னு முடிவு பண்றதுக்கே ஆடணுமா?”

“விதி அப்படித்தான் இருக்கு.”

“அப்ப ஆடக் கூடாதுன்னு முடிவாச்சுன்னா?”

“அப்ப யாரும் ஆடியிருக்க மாட்டாங்க.”

இளைஞன் தன் மனைவியின் கையைப் பற்றித் தளத்தில் ஏறினான். ஈராண்டுக்காலம் இரண்டறை வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே களைத்திருந்த முதிய தம்பதியர் இரண்டாம் இணையாய் ஏறினர். வேறு மனிதர்களைப் பார்க்கும் ஆவலில் அவர்கள் உயிரையும் பொருட்படுத்தவில்லை. ஏனையோர் அமர்ந்தனர். அவருள் வேதநாயகியும் ஒருத்தி.

கடலைக் கடந்தவனுக்குக் கரையில் ஒரு கால்வாய் குறுக்கிட்டதைப்போல ஆயிற்று நம் வீரனின் நிலை. ஆறடி இடைவெளி விட்டு, ஆயினும் அரசவையில் நிற்பான்போல் நிமிர்ந்து, அவள்முன் நின்றான்.

“டீச்சர், நீங்க எழுந்தா மூணு ஜோடி ஆயிடும்.”

“சார், உங்க மேல எனக்குக் கோவம் கெடயாது. வைரஸுக்கும் பயம் இல்ல, ரெண்டு ஊசி போட்டாச்சு. கால நெனச்சாத்தான் பயம்.”

“நான் கத்துக்கிட்டேன் டீச்சர்.”

“யார்கிட்ட?”

பொய் சொல்ல அது தக்க தருணம். ஆனால் அவன் வாய்மையான் என்பதை முன்னரே உரைத்தோம்.

“ஃபேன்கிட்ட.”

“ஃபேனுக்குக் கால்ல நகம் இல்ல சார்” என்றாள் வேதநாயகி.

அம்பு தைத்தது. கவசம் முகத்துக்கு மட்டுமே இருந்தது. எனினும் புறமுதுகிடுதல் அவன் குலத்துக்கு வழக்கமன்று; ஆதலின் கோவிந்தராஜன் திரும்பி நடந்து, தளத்தின் நட்டநடுவில், கணக்கில் வாராதவனாய், தனியே நின்றான். கடிகாரத்தில் ஆறுக்கு மூன்று நிமிடம் இருந்தது.

வெற்றி கைக்கெட்டியவன் அமைதியாய் அமர்ந்திருத்தல் அறிவு. ஆனால் தேசிகனோ முழுமையை விரும்புபவன். தோற்கவிருக்கும் தீர்மானம் ஒருவேளை வென்றுவிட்டால் என்னாவது என்னும் வினா, பூச்சியைப்போல அவன் செவிக்குள் புகுந்து சிறகடித்தது. அவன் எழுந்தான். சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தான். வெள்ளை வெளேரென்ற கான்வாஸ் காலணிகள் ஒளிவீசத் தளத்தில் ஏறினான்.

“ஒருவேளை பாஸ் ஆயிட்டாலும், ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவுல ஆறடி இருக்கணும். எத்தனை ஜோடிக்கு இடம் இருக்குன்னு இப்பவே அளந்து காட்டிடறேன். கோவிந்தராஜன், சும்மாதானே நிக்கறீங்க? இந்த முனையக் கொஞ்சம் பிடிங்க.”

கோவிந்தராஜன் பிடித்தான். தேசிகன் மறுமுனையோடு பின்னோக்கி நடந்தான். ஓரடி, ஈரடி, மூவடி, நாலடி. கண் எதிரே நின்றவனின் கையில் இருந்த பூச்சியக் கோட்டின்மேல். ஐந்தடி. ஆறடி. நாடா வில்நாணைப்போல விறைத்து நின்றது. அதன் இருமுனையிலும் இருவர், ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நின்றனர்.

மணி ஒலித்தது.

யூனிஸ் அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்து, விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார்.

“ரெண்டு. நாலு.” விரல் நின்றது. “தேசிகன், அங்க என்ன பண்றீங்க?”

“அளக்கறேன் மேடம்.”

“மணி அடிச்சப்ப எங்க நின்னீங்க?”

தேசிகன் நாடாவைத் தாழ்த்தினான். குனிந்து தன் காலைப் பார்த்தான். கால் தேக்கின்மேல் இருந்தது. நிமிர்ந்து எதிரே பார்த்தான். எதிரே ஒரு முகம் இருந்தது. வலையை விரித்தவனே அதன்மேல் நின்று, கயிற்றின் மறுமுனையைத் தானே இன்னொருவனிடம் கொடுத்த கதையை அவன் ஒரு கணத்தில் முழுதும் உணர்ந்தான்.

அப்போது கோவிந்தராஜன், ஈராண்டு கனவு மடியில் விழுந்தும் அதனைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான்.

“மேடம், சார் அளக்கத்தான் வந்தார். ஓட்டுப் போட வரல. நீங்க மறுபடி மணி அடிங்க.”

கொடைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டா. ஆனால் அக்கொடையை ஏற்க மறுத்தவனின் பெருமையையும் கூறாதுவிடின் இக்காவியம் குறையுடைத்து. தேசிகன் முகம் வெளிறி, செவி சிவந்து, பிறகு இரண்டும் தம் இயல்புக்கு மீள நின்றான். பிறர் பிறழ்ந்தால் சுட்டுவதற்கென்றே அவன் அவ்விதிநூலை மனப்பாடம் செய்தவன். இப்போது அந்நூல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ரெண்டாவது தடவை மணி அடிக்கக் கூடாது. எதுக்கு நின்னான்னு விதியில கேள்வியே இல்ல, நின்னானா, அவ்வளவுதான். நின்னேன்.” அவன் நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தான். “ஆறு பேர் ஆச்சு. குறிச்சுக்குங்க.”

“அப்ப ஆடணும் தேசிகன்” என்றார் அம்மையார். “ஆடலேன்னா ஓட்டு செல்லாது. உக்காந்துடறதுன்னாலும் உங்க இஷ்டம்.”

ஒரே ஓர் இருக்கை. ஆறடித் தொலைவு. அமர்ந்தால் மதில் நிலைக்கும். தேசிகன் அந்நாற்காலியைப் பார்த்தான். மூலையில் போர்வை போர்த்தி நின்ற பியானோவைப் பார்த்தான்.

“செல்லாத ஓட்டுப் போட்டவன்னு நான் பேர் எடுக்க மாட்டேன்” என்று கூறி, இருமுறை கையைச் சானிடைசரால் கழுவி, ஏற்கெனவே இருந்த முகக்கவசத்தின்மேல் மற்றொன்றை அணிந்து, தூக்குமேடைக்குச் செல்லும் அரசனைப்போலத் தலைநிமிர்ந்து வந்து கோவிந்தராஜனின் தோளில் கை வைத்தான்.

“ஹாக்லா மேடம்? பாட்ட விட்டுடவா?” என்று கன்னடமும் தமிழும் கலந்து வினவினார் கோவிந்தப்பா. தலைவி தலையசைத்தார். வால்ட்ஸ் எழுந்தது.

எழுந்த இசையில், யானைப்போர் காணக் கூடிய நகரத்தார்போல அமர்ந்திருந்தோர் அனைவரும் கழுத்தை நீட்டினர். வேதநாயகி மட்டும் முகத்தைப் பார்த்தாளில்லை, காலைப் பார்த்தாள். நான்காம் வகுப்பின் விடைத்தாளைத் திருத்தும் அதே கண்ணால், தேசிகனின் அவ்வெள்ளைக் காலணிகளை அவள் பின்தொடர்ந்தாள். கருந்தோற் காலணி ஒன்று முன்வந்தது. வெள்ளை ஒன்று பின்சென்றது. ஒன்று. இரண்டு. அவளது சிறுவிரல், நினைவுவழிவந்த அச்சத்தால், செருப்புக்குள் தானே மடங்கிக்கொண்டது.

மூன்று.

வந்தது மூன்றாம் அடி. காத்திருந்து வந்தது; தாழாமலும் முந்தாமலும் வந்தது; கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே ஈராண்டு தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிய வாள்போல வந்து, உறையில் அடங்குவதுபோல மெத்தென அமர்ந்தது. மறுபடியும் வந்தது. பிறரை வழிநடத்தியன்றித் தான் வழிநடந்தறியாத தேசிகன் முதலில் தூண்போல விறைத்தான். அடுத்த திருப்பத்தில் வண்டிபோல அசைந்தான். பியானோவின் அருகே சென்றபோது அவன் கால் தானே நின்றுவிட்டது. நின்ற காலுக்காகக் கோவிந்தராஜனின் காலும் நின்றது. ஒரு சுழற்சி முழுதும் இருவரும் அங்கேயே நின்றார்கள். பிறகு அடுத்த சுழற்சியின் முதலடியில், ஒன்றும் நிகழாததுபோல, சேர்ந்தே புறப்பட்டார்கள். ஈராண்டில் தன் தோளை வேறொரு கை தொட்டதில்லை என்பது தேசிகனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அவன் அதனை எழுதவில்லை.

பாட்டில் பாதி முடிந்தபோது வெள்ளைக் காலணிகள் வெள்ளையாகவே இருந்தன. அவற்றில் ஒரு கீற்று இல்லை. ஒரு பொட்டு இல்லை. வேதநாயகி நாற்காலியினின்று எழுந்தாள்.

அக்கழகத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஆடிக்கொண்டிருப்பவரின் தோளை மூன்றாமவர் ஒருவர் தட்டினால், தட்டப்பட்டவர் தலைவணங்கி, வாதிடாமல், தம் இடத்தைக் கொடுத்து விலகவேண்டும். எஞ்சிய ஆட்டம் விலகியவரின் கணக்கிலேயே சேரும். வேதநாயகி நேரே தளத்தின் நடுவுக்கு நடந்து வந்தாள். தேசிகனின் தோளை ஒற்றை விரலால் இருமுறை தட்டினாள்.

“தேசிகன் சார், கொஞ்சம் நகருங்க.”

“நீங்க எதிர்த்து உக்காந்தவங்க” என்றான் தேசிகன், மூச்சு வாங்க.

“ஓட்டுதானே போட்டேன், ஆடமாட்டேன்னா சொன்னேன்? மணி அடிச்சு முடிஞ்சாச்சு. விதியில ஏதாவது இருக்கா?”

விதியில் ஒன்றுமில்லை. தேசிகன் வணங்கி விலகினான். விலகியவன் அமரவில்லை; சன்னலோரம் நின்று, எவரும் காணவில்லை என எண்ணி, விரலால் சன்னற்சட்டத்தின்மேல் மூன்று மூன்றாய்த் தட்டிக்கொண்டிருந்தான்.

ஆகா, அதன்பின் அத்தளத்தில் நிகழ்ந்ததை எச்சொல்லால் உரைப்போம்! திறந்த பன்னிரு சன்னல்களின் வழியே காக்ஸ் டவுனின் மாலைவெயில் பொன்னுருக்கி வார்த்தாற்போலத் தேக்கின்மேல் பரவ, பேருந்தின் முழக்கம் முரசாகவும் இருசக்கர வண்டிகளின் ஒலி சங்காகவும் தெருவில் எழ, நகரெங்கும் கிருமிப்படையின் கடைசிக் கொடி சாய்ந்ததென ஊன்றிய வெற்றித்தூண்போல நிமிர்ந்து, இடக்கையில் வேதநாயகியின் வலக்கையும் வலக்கையில் ஈராண்டு தவத்தின் பயனும் ஏந்தி, ஒன்றென்றால் மண் நடுங்க, இரண்டென்றால் விண் திரும்ப, மூன்றென்றால் இரண்டும் தத்தம் இடத்தில் வந்து அமைய, தேரென, திகிரியென, திசைகளெட்டும் ஒருங்கே சுற்றும் அண்டமென, அஞ்சலகம் அளித்த இரண்டைக் கடந்து அரும்பாடுபட்டு ஈட்டிய மூன்றினால் முழுமை பெற்ற நம் வீரன் கோவிந்தராஜன், அவள் கால்விரல் பத்தும் காயமின்றி, அவள் புருவமிரண்டும் வியப்பினால் வில்லென வளைய, கூடத்தார் கைதட்டவும் மறந்து வாயடைத்திருக்க, இசையின் இறுதித் துளி கூரையோட்டில் பட்டு ஓயுமட்டும் சுழன்றான், சுழன்றான், சுழன்றுகொண்டேயிருந்தான்.

பாட்டு முடிந்ததும் வேதநாயகி, “பரவாயில்ல சார்” என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாள்.